ஓடைப்பாலம் வரை தள்ளவேண்டிய வண்டி

கான்பூர்
3-7-1960

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், வெயில்தான் ஆளை வேகவைக்கிறது. கம்பெனி பிடித்துக் கொடுத்த அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. தீபாவளி ஆர்டர் பிடிக்க நாளெல்லாம் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். சிவகாசிச் சரக்கு என்றால் சேட்டுகளுக்கு ஆசைதான், ஆனால் ஒவ்வொருவரும் சாம்பிள் வெடியைக் கொளுத்திக் காட்டச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள்.

வண்டி எப்படி இருக்கிறது? நான் ரயில் ஏறும்போது சொன்னதெல்லாம் கூட்டத்தில் உனக்கு விளங்கியதோ என்னவோ, அதனால் எழுதுகிறேன். வாரம் ஒரு தடவை கட்டாயம் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் அது. மதுரையில் வாங்கி, நானே பிரித்துப் பூட்டி ஆளாக்கியிருக்கிறேன். சும்மா நின்றால் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும்.

நம் காட்டில் வேலை செய்கிற இருளாண்டிக்கு உதைக்கத் தெரியும், அவனை வைத்துக்கொள். முதலில் கார்புரேட்டர் தலையில் இருக்கும் பொத்தானைப் பெட்ரோல் கசிகிற மட்டும் அமுக்கச் சொல். கைப்பிடியில் இருக்கும் லீவரைப் பின்னுக்குத் தள்ளியபிறகுதான் உதைக்க வேண்டும். மறந்தால் கிக்கர் திருப்பி உதைத்து முழங்காலைப் பெயர்த்துவிடும்.

இன்னொன்று. வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நம் வீட்டுக்கு வடபுறம் புதிதாக வந்திருக்கும் வெடிக் கம்பெனிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டியையே பொறி பறக்கும் என்று அவர்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறவர்கள். ஆகவே ஓடைப்பாலம் தாண்டித் தள்ளிக்கொண்டுபோய், அங்கே ஓடவிட்டு, திரும்பவும் தள்ளிக்கொண்டு வரவேண்டும். நான் சைலன்சருக்குள் இருந்த தகட்டைக் கழற்றிவிட்டதால் சத்தம் கம்பீரமாக வரும். அதைக் கேட்டால் நான் ஊரில் இருப்பது போலவே உனக்குத் தோன்றும்.

தீபாவளிக்கு வந்துவிடுவேன்.

உக்கிரபாண்டி


தாயில்பட்டி
18-7-1960

மச்சானுக்கு வெள்ளைத்தாய் எழுதிக்கொண்டது.

கடிதத்தை அடுத்த வீட்டு இருளம்மாள் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள்தான் எனக்குத் துணைக்குப் படுக்கிறாள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேட்டுவிட்டு, "யாருட்டி அது கார்புரேட்டரு? ஒனக்குத் தெரியாம அவென் கெட்டிக்கிட்டவளா?" என்கிறாள்.

சொன்னபடி எல்லாம் நடக்கிறது. இருளாண்டி கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான், நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன். வெளியாட்களைக் கூப்பிட்டால் கீறல் விழும் என்று நீங்கள்தானே சொல்லிவிட்டுப் போனீர்கள். ஓடைப்பாலம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. வண்டி மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது, பள்ளத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் சோற்று நேரத்தில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இருளாண்டி பெண்டாட்டி வள்ளித்தாயும் இப்போது அங்கேதான் சரம் பின்னுகிறாள். நம் மிளகாய்க் காட்டில் களை எடுத்தவள்தானே, அந்த உரிமையில் வாய் நீளம். "தாயி, மாட்ட நாம ஓட்டுதோம், இது ஒங்கள ஓட்டுதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வண்டி மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. புகை கறுப்பாக வந்தது. நீங்கள் ஊரில் இருப்பது போல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மிளகாய் நாற்றுப் பாவ வேண்டும், கிணற்றில் கமலைக் கயிறு இற்றுவிட்டது, பருத்திக் காட்டுக்கு ஆள் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. ஒன்று நீங்கள் வந்து சேருங்கள், இல்லையென்றால் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். இப்படி இருப்பது எனக்கு அலுத்துவிட்டது.

வெள்ளைத்தாய்


கான்பூர்
4-8-1960

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

மூன்றாவது உதையில் பிடித்தது என்று படித்ததும் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிவிடச் சொல். செயினுக்கு எண்ணெய் விட்டீர்களா? பழைய துணியில் தொட்டுத் தடவினால் போதும், ஊற்றினால் மண் பிடிக்கும்.

உனக்கு ஒரு சேதி. இங்கே ஒரு சர்தார் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம்தான் பொழுது போகிறது. உனக்காக ஒரு பின்சீட்டு வாங்கியிருக்கிறேன், ஸ்பிரிங் வைத்தது. ஊருக்கு வந்ததும் அதைப் பூட்டி, உன்னை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவதாகத் திட்டம். இராஜபாளையம், சிவகிரி வழியாகப் போனால் ரோடு நன்றாக இருக்கும். நீ பயப்படாமல் என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வரமுடியாது போலிருக்கிறது. கடைசி லோடு இங்கே வந்து இறங்குகிற வரைக்கும் இருக்க வேண்டும் என்று மானேஜர் எழுதியிருக்கிறார். உன்னை இங்கே கூட்டிவரலாம் என்றால் இந்த அறையில் ஒருவன் படுத்தால் இன்னொருவன் நிற்க வேண்டும். கொஞ்சம் பொறு.

ஒரு வாரம்கூடத் தவறவிட்டுவிடாதே. மழைக்காலம் வரப்போகிறது, ஈரத்தில் நின்றால் வண்டிக்குக் கேடு.

உக்கிரபாண்டி


தாயில்பட்டி
4-10-1960

மச்சானுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

வெள்ளியும் சனியும் நல்ல மழை. மழை விழுந்தால் வெடிக் கம்பெனி திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். காயப்போட வெயில் வேண்டும், இடி மின்னல் பயம் வேறு. ஞாயிறு காலையில் வானம் வெளுத்தது. அன்றைக்கும் லீவுதான் என்று நானும் இருளாண்டியும் நினைத்துக்கொண்டோம். அவன் விடிவதற்கு முன்பே மிளகாய்க் காட்டில் தேங்கின தண்ணீரை வெட்டிவிட வந்துவிட்டான். அதற்கப்புறம்தான் கம்பெனி போர்மேன் லட்சுமிகாந்தம் கடைசி லோடு போக வேண்டும் என்று வீடு வீடாக ஆள் அனுப்பி, பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வள்ளித்தாய் வேலைக்குப் போனது அவள் புருஷனுக்கே தெரியாது.

நீங்கள் ஒரு வாரமும் தவறக்கூடாது என்று எழுதியிருந்ததால் வண்டியைத் தள்ளினோம். கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகிப்போய், கம்பெனி வேலிக்கு நேராக வண்டி நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. "தாயி, கம்பெனிதான் லீவாச்சே. இங்கனயே ஸ்டார்ட் பண்ணி இஞ்சின் பலத்துல ஏத்திருவமா?" என்று இருளாண்டி கேட்டான். நான் சரி என்றேன். அவன் உதைத்தான், நான் பின்சக்கரத்தில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வண்டி பிடிக்கவில்லை. உதைத்துக்கொண்டே இருந்தான். திடீரென்று சைலன்சர் வெடித்தது. நம் ஊரில் கேட்காத வெடியா? அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் அலறல் கிளம்பியது. சத்தம் கேட்டால் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்காதே, ஓடு என்றுதான் அங்கே முதல்நாளே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி ஓடினார்கள். கேட் வழியாக இல்லை, முள்வேலியைத் தாண்டி. வள்ளித்தாய் எங்கள் கண் முன்னால்தான் பள்ளத்தில் விழுந்தாள். அவள் மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். இருளாண்டி வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கால் மடங்கிக் கிடக்க, மேலெல்லாம் முள் கிழித்திருக்க, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ரூமு? எந்த ரூமுல வெடிச்சிச்சு? யாராரு போயிட்டாக?" என்றே கேட்டாள். அவன் வண்டியைக் காட்டினான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாட்டு வண்டியில் கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். தை பிறக்கிற மட்டும் கால் ஊன்றக் கூடாதாம். மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

கீழே விழுந்ததில் வண்டியின் கைப்பிடி வளைந்திருக்கிறது. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

உடனே புறப்பட்டு வாருங்கள்.

வெள்ளைத்தாய்


கான்பூர்
14-10-1960

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

கடிதம் படித்துப் பதறிவிட்டேன். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நடந்தது என்னவென்றால் மழை ஈரம், பொறி தருகிற மாக்னெட்டோவில் இறங்கியிருக்கிறது. தீப்பொறி வராமல் உதைத்துக்கொண்டே இருந்ததால் எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சரில் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு ஒரு பொறி விழுந்ததும் மொத்தமாக வெடித்திருக்கிறது. உள்ளே தகடு இல்லாததால் சத்தமும் அதிகம். இது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான், இதனால் இஞ்சினுக்குக் கெடுதல் இல்லை.

சைலன்சர் பற்ற வைத்த இடத்தில் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. வளைந்த கைப்பிடியை ஊர்க் கொல்லனிடம் கொடுத்துவிடாதே. அவன் உலையில் வைத்தால் இரும்பு செத்துப்போகும். நானே வந்து நிமிர்த்திக்கொள்கிறேன். மாக்னெட்டோ மூடியைத் திறந்து வெயிலில் காட்டினால் நல்லது.

வள்ளித்தாய்க்கு வேண்டியதைச் செய்துகொடு. பாவம், நல்ல உழைப்பாளி.

உடனே வர வழியில்லை. தீபாவளி முடிந்த கையோடு கல்யாண சீசன் ஆர்டர் பிடிக்கச் சொல்கிறார்கள். தைக்கு முன்னால் எப்படியாவது வரப்பார்க்கிறேன்.

உக்கிரபாண்டி


தாயில்பட்டி
27-10-1960

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை நான் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். வள்ளித்தாயை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறீர்கள் என்று பொய் சொன்னேன்.

தீபாவளி வந்துபோனது. அன்றைக்கு வள்ளித்தாய் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டுச் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தெருவுக்கு நான் போனதை நம் தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

போர்மேன் லட்சுமிகாந்தம் வீட்டுக்கு வந்தார். "அம்மா, நான் ஒங்கள ஒண்ணும் சொல்லலை. ஆனா இந்த வண்டி இங்கன நிக்கிற மட்டும் எங்க பொம்பளைக நிம்மதியா ஒரு திரி சொருக மாட்டாக. கோவிச்சுக்காம எங்கிட்டாவது அனுப்பி வச்சிருங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறார். என்ன செய்ய? இருளாண்டியைக் கூப்பிட்டு, உங்கள் கூட்டாளி விருதுநகர் காசிராஜன் அண்ணன் வந்து ஓட்டிக்கொண்டு போக, ஓடைப்பாலம் வரை தள்ளிவிடலாமா என்று கேட்டேன். "தாயி, வேற என்ன சொன்னாலும் செய்யுதேன், இத மட்டும் சொல்லாதீக" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனிடம் போய்க் கேட்டேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வண்டியை மாட்டுக் கொட்டத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். சைலன்சர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூடியைத் திறந்து வெயிலில் காட்டவும் இல்லை. இனி தள்ளவும் மாட்டேன். பிஸ்டன் வளையம் ஒட்டினால் ஒட்டிக்கொள்ளட்டும்.

நான் ஆனைக்குட்டத்துக்கு அப்பா வீட்டுக்குப் போகிறேன். அங்கே பருத்திக் காட்டில் களை எடுக்க ஆள் வேண்டியிருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் சாவி பெரியம்மாவிடம் இருக்கும். உங்கள்மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபப்படுவதற்குத் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

வெள்ளைத்தாய்


கான்பூர்
24-11-1960

வெள்ளைத்தாய்க்கு,

ஆனைக்குட்டத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மாமா கைக்குப் போய்விட்டதோ, நீ படித்துவிட்டு வைத்துவிட்டாயோ தெரியவில்லை. சர்தார் பட்டறைக்கும் நான் இப்போது போவதில்லை. அந்தப் பின்சீட்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

ஒரு கார்டில் இரண்டு வரி எழுதிப்போடு. திட்டியாவது எழுது.

உக்கிரபாண்டி


தாயில்பட்டி
16-12-1960

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். வந்துவிட்டேன். மானேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவர் முகம் சரியில்லை. பெரியம்மா சாவியை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். "வந்துட்டீகளா? ஒங்க வண்டி கொட்டத்துல நிக்கி, போய்ப் பாருங்க" என்றாள். நேற்றுவரை அவென் இவென் என்று பேசியவள் எனக்கு மரியாதை கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் வள்ளித்தாயைத்தான் பார்க்கப் போனேன். கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஐயா, எப்ப வந்தீக? வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டாள். மெய்யாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். எனக்குச் செருப்பால் அடித்தது போல ஆகிவிட்டது. உன் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் வரிக்கு வரி ஞாபகம் வந்தது. அதை நீ ஒருத்திதான் படித்திருக்கிறாய் என்பதில் ஒரு ஆறுதல், நீ படித்துவிட்டாயே என்பதில் ஒரு வேதனை. கட்டுப் பிரித்ததும் பார்த்துச் செய்வதாக அவளிடமும் இருளாண்டியிடமும் சொல்லியிருக்கிறேன். அவளால் இனி குந்தி உட்கார்ந்து சரம் பின்ன முடியாது என்றால், நம் வீட்டிலேயே நின்று செய்கிற வேலையாகப் பார்ப்போம்.

அப்புறம் லட்சுமிகாந்தத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலையில் வண்டியை நான் ஒருவனாகவே தள்ளினேன். இருளாண்டி தூரத்தில் நின்று பார்த்தான், அவனை நான் கூப்பிடவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இது இம்புட்டுக் கனம் என்று எனக்குத் தெரியாது வெள்ளை. நான் எப்போதும் மேலே உட்கார்ந்து போனவன்தானே. ஓடைப்பாலத்துக்கு அப்பால் வைத்துத் துடைத்துத் துப்புரவு செய்து, கைப்பிடியை நிமிர்த்தி, தகட்டைத் திரும்பவும் சைலன்சருக்குள் பூட்டி, விருதுநகருக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் காசிராஜன் வீட்டில் விட்டுவிட்டேன். இனி அது அங்கேதான் இருக்கும். நம் வீட்டுக்கு வராது.

ஏன் எல்லாக் கடிதத்திலும் வண்டியைப் பற்றியே எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்த அறையில் வேறு எதை எழுத எடுத்தாலும் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன் போல இருந்தது. வண்டி என்றால் எழுதிக்கொண்டே போகலாம். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

வள்ளித்தாயிடம் எங்கெங்கே அடி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருளாண்டியைக் கேட்டேன். விழுந்த மற்ற இரண்டு பெண்கள் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். இனிமேல் அன்றைக்கு நடந்ததில் யாரையும் நான் கேட்காமல் விட்டேன் என்று நீ சொல்ல முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆனைக்குட்டம் வருகிறேன். வேலையை விட்டுவிட்டு ஊரில் இரு என்றால் இருக்கிறேன். கான்பூருக்கு வருகிறேன் என்றால் பெரிய அறையாகப் பார்க்கிறேன். நீ சொல்வதுதான். வரலாமா என்று மட்டும் எழுது.

உக்கிரபாண்டி


ஆனைக்குட்டம்
20-12-1960

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. வள்ளித்தாய் வீட்டுக்குப் போனதற்குச் சந்தோஷம். பெரியம்மாவுக்குக் கோபம் சீக்கிரம் ஆறிவிடும், ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக் கொடுங்கள். வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளியதைப் படித்துச் சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் இடுப்பு வலித்திருக்கும்.

நீங்கள் யாரையும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு இருளாண்டி கிக்கரில் நின்றான். பின்சக்கரத்தில் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டியவள் நான். அதை எழுதியும் இருந்தேன். அந்த வண்டியில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் நீங்கள். பின்சக்கரத்தில் குனிந்து உட்கார்ந்தவள் தலைக்கும் சைலன்சர் வாய்க்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கேட்பீர்கள், கேட்பீர்கள் என்று ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துப் பார்த்தேன். நானாகச் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு. இப்போது வீம்பும் அலுத்துப்போய்விட்டது, அதனால் சொல்கிறேன்.

அப்பா என்னை விருதுநகர் டாக்டரிடம் காட்டினார். சவ்வு கிழிந்திருக்கிறதாம், ஆறினாலும் பழையபடி வராதாம். இரவில் இரைச்சல்தான் தாங்கவில்லை. மற்றபடி வேலைவெட்டி எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். ஊரா கான்பூரா என்பதை நேரில் பேசிக்கொள்வோம். என் இடப்பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள், வலது காது கேட்பதில்லை.

வெள்ளைத்தாய்